பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிப்பது எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தத்துவத்தில் பட்டம் படித்தேன் என்று சொன்னதும் வருகிற கேள்விகள் ஏறக்குறைய எப்போதும் இவைதான். சேரலாமா என்று யோசிப்பவர்கள், சேர்ந்து முதல் பருவத்திலேயே திணறுபவர்கள், பிள்ளை இதில் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று கவலைப்படும் பெற்றோர் என எல்லாரும் கேட்டவை கலந்திருக்கின்றன. வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

உண்மையில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

பாடங்களின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் முதல் ஆண்டு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தர்க்கம் ஒன்று இருக்கும். அறிவு என்றால் என்ன என்று கேட்கும் அறிவாய்வியல் ஒன்று, எது சரி, ஏன் சரி என்று கேட்கும் அறவியல் ஒன்று. அப்புறம் பண்டைக் கிரேக்கர்களைப் பற்றியோ, டெக்கார்ட்டிலிருந்து காண்ட் வரையான 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்களைப் பற்றியோ ஒரு வரலாற்றுப் பாடம். அடுத்தடுத்த ஆண்டுகளில் மனம், மொழி, அறிவியல், அரசியல், அழகியல் என்று கிளை பிரியும்.

வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியோடு வருபவர்களுக்கு முதல் பருவம் ஏமாற்றமாக இருக்கும். அந்தக் கேள்வி பாடத்திட்டத்தின் ஓரத்தில் எங்கேயோ கிடக்கும். அதற்கு முன்னால், 'கண்ணெதிரே மேசை தெரிகிறது என்பதை வைத்து மேசை இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா' என்பதிலேயே சில வாரங்கள் போகும். பெரிய கேள்வியைப் பிடிக்க வேண்டுமானால் அதைச் சின்னச் சின்னதாக உடைத்தாக வேண்டும் என்பது இந்தத் துறையின் பழக்கம். அந்த உடைக்கிற வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா, சலிக்கிறதா என்பதுதான் முதல் ஆண்டில் தெரிந்துகொள்ள வேண்டியது. மற்றதெல்லாம் பிறகு.

ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்வதுதானே தத்துவம்? இதில் சரி, தவறு எங்கே வந்தது?

இதைக் கேட்காதவர்களே இல்லை. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் எனக்குத் தெரியும் என்று எப்போது சொல்லலாம்? அதை நான் நம்ப வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும், நம்புவதற்குத் தக்க ஆதாரம் என்னிடம் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அறிவு. இதைக் கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். 1963-இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஸ்மித், ஜோன்ஸ் என்று இருவர் ஒரே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று நிறுவனத் தலைவரே ஸ்மித்திடம் சொல்லியிருக்கிறார். ஜோன்ஸின் பையில் பத்து நாணயங்கள் இருப்பதை ஸ்மித் எண்ணியும் பார்த்திருக்கிறார். ஆகவே, 'வேலை கிடைக்கப்போகிறவரின் பையில் பத்து நாணயங்கள் உள்ளன' என்று முடிவுக்கு வருகிறார். கடைசியில் வேலை கிடைப்பதோ ஸ்மித்துக்கு. அவருக்கே தெரியாமல் அவர் பையிலும் பத்து நாணயங்கள் இருக்கின்றன. அவர் நம்பியது உண்மைதான், ஆதாரமும் இருந்தது. ஆனாலும் அது அவருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல மனம் வருமா?

கெட்டியர் இங்கே தன் கருத்து எதையும் சொல்லவில்லை. நாம் தலையாட்டிய வரையறை எந்த இடத்தில் உடைகிறது என்று காட்டுகிறார், அவ்வளவுதான். 'அது உங்கள் பார்வை, இது என் பார்வை' என்று இதிலிருந்து நழுவ முடியாது. எடுத்துக்காட்டில் ஓட்டை இருக்கிறது என்று காட்டலாம். வரையறையைத் திருத்தலாம். இல்லை, ஸ்மித்துக்கு அது தெரிந்துதான் இருந்தது என்று துணிந்து சொல்லி, அதிலிருந்து வருகிற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் காரணம் சொல்லியாக வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது. எல்லாரும் ஒப்புக்கொண்ட புது வரையறை இன்னும் இல்லை. பழையது போதாது என்பதில் மட்டும் பெரும்பாலோர் ஒன்றுபடுகிறார்கள்.

தத்துவத்தில் முன்னேற்றம் என்பது அனேகமாக இந்த மாதிரிதான். எது தவறு என்பது நன்றாகத் தெரிந்துவிடும், எது சரி என்பதில் சண்டை தொடரும். இது என்ன முன்னேற்றம் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு இது போதும்.

எனக்குக் கணக்கு வராது. தர்க்கப் பாடத்தில் தேறுவேனா?

தேறலாம். குறியீட்டுத் தர்க்கத்தில் எண்களே அபூர்வம். முதலில் போடச் சொல்வது உண்மை அட்டவணை, அதாவது ஒவ்வொரு கூற்றும் உண்மையானால், பொய்யானால் என்று எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக எழுதிப் பார்ப்பது. மூன்று கூற்றுகள் என்றால் 8 வரிசை, நான்கு என்றால் 16. பொறுமை இருந்தால் போதும். ஆனால் படிக்கிற விதம் மட்டும் கணக்குப் பாடத்துக்கு உரியது. நாள்தோறும் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். தேர்வுக்கு முந்தின இரவு உட்கார்ந்து ஒப்பேற்ற முடியாத ஒரே தாள் இதுதான்.

மாணவர்கள் உண்மையில் தடுமாறுவது வேறு இடத்தில். 'எல்லாப் பறவைகளும் பாலூட்டும். கிளி ஒரு பறவை. ஆகவே கிளி பாலூட்டும்.' இது செல்லுபடியாகும் வாதம். முதல் வரி தவறு, முடிவும் தவறு, ஆனால் முதல் இரண்டை ஒப்புக்கொண்டவர் மூன்றாவதை மறுக்க முடியாது. இப்போது இதைப் பாருங்கள்: 'எல்லாக் கிளிகளும் பறவைகள். சில பறவைகள் பச்சை. ஆகவே சில கிளிகள் பச்சை.' மூன்றும் உண்மை. ஆனால் வாதம் செல்லாது. கிளியை எடுத்துவிட்டுக் காகத்தை வைத்தால் ஏன் என்று தெரிந்துவிடும். முடிவு சரியாக இருக்கிறதே என்பதற்காக அதற்குச் சொன்ன காரணத்தையும் ஏற்றுக்கொள்வது நம் எல்லாருக்கும் ஊறிய பழக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகுவதற்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்படும். பழகிவிட்டால் செய்தித்தாள் தலையங்கம் படிப்பது கஷ்டமாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. எனக்குத்தான் மூளை போதவில்லையா?

இல்லை. அந்தப் பக்கம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. காண்ட்டின் 'தூய அறிவின் விமர்சனம்' 1781-இல் வெளிவந்தபோது, அந்தக் காலத்தின் முன்னணிச் சிந்தனையாளரான மோசஸ் மெண்டல்சோனே, நரம்பின் சக்தியையெல்லாம் உறிஞ்சுகிற நூல் என்று அதைச் சொன்னார். சரியாகப் புரிந்துகொள்ள ஆளில்லை என்று கண்டு, 1783-இல் காண்ட் அதற்கு ஒரு சிறிய அறிமுக நூல் எழுதினார். 1787-இல் மூலத்தையே பல இடங்களில் திருத்தி மறுபதிப்புக் கொண்டுவந்தார். அந்த அறிமுக நூலும் எளிதல்ல என்பது தனிக் கதை.

வேகமாகப் படிக்கிறவர்களுக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம். கதையோ கட்டுரையோ படித்துப் பழகியவர்கள் போக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தத்துவ நூலில் போக்கு மட்டும் தெரிந்தால் ஒன்றும் தெரிந்ததாகாது. எனக்கு உதவிய முறையைச் சொல்கிறேன். முதல் தடவை பேனாவைத் தொடாமல் கடைசிவரை படித்து, ஆசிரியர் எங்கே போய்ச் சேர்கிறார் என்று மட்டும் பார்ப்பேன். இரண்டாம் தடவை, அவர் என்ன முடிவைச் சொல்கிறார், அதற்கு எந்தெந்த வரிகள் காரணம் என்று குறித்துக்கொள்வேன். மூன்றாம் தடவை முழுவதும் கிடையாது, மாட்டிக்கொண்ட பத்தி மட்டும். அந்தப் பத்தியை நூலை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் எழுதிப் பார்ப்பேன். எழுத வராத வாக்கியம்தான் புரியாத வாக்கியம். வாசிக்கும்போது எல்லாமே புரிந்த மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று. ஆசிரியர் சொல்வது எது, அவர் மறுக்கப்போகிறவர் சொல்வது எது என்று ஒவ்வொரு பத்தியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாண்டுத் தாள்களில் நிறைய இடறல் இங்கேதான். எதிராளியின் கட்சியை முதலில் வலுவாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது எல்லா மரபிலும் உண்டு. வடமொழி நூல்களில் அது பூர்வபட்சம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியே அதற்கென்று இருக்கிறது, தன் கட்சியைச் சொல்லும் சுபக்கம் அதற்குப் பிறகுதான். அவசரமாகப் படிக்கிறவர் பூர்வபட்சத்தையே ஆசிரியர் தலையில் கட்டிவிடுவார்.

மூலநூலைப் படிக்க வேண்டுமா? அறிமுக நூல் போதாதா?

மூலம் முதலில், அறிமுகம் பிறகு. மாற்றிச் செய்தால் மூலத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பார்க்கவே மாட்டீர்கள். ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, துறை ஆட்களே எழுதி அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். அறிமுகத்துக்கு அதை மிஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை. காணொளிகளைப் பேருந்தில் போகும்போது கேட்கலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

பிளேட்டோ நூலின் ஓரத்தில் இருக்கிற எண்கள் என்ன? யாருமே சொல்லித் தரவில்லையே?

உண்மை, யாரும் சொல்லித் தருவதில்லை. 1578-இல் ஹென்ரி எஸ்தியேன் அச்சிட்ட பிளேட்டோ பதிப்பின் பக்க எண்கள் அவை. அவர் பெயரின் இலத்தீன் வடிவத்தை வைத்து ஸ்டெஃபானஸ் எண் என்பார்கள். எந்த மொழிபெயர்ப்பை வைத்திருந்தாலும் அந்த எண் மாறாது. அரிஸ்டாட்டிலுக்கு 1831-இல் வரத் தொடங்கிய பெக்கர் பதிப்பின் எண்கள். காண்ட்டின் 'தூய அறிவின் விமர்சனம்' நூலுக்கு முதற்பதிப்பு ஏ, இரண்டாம் பதிப்பு பி. கட்டுரையில் இவற்றைக் கொடுங்கள், உங்கள் புத்தகத்தின் பக்க எண்ணைக் கொடுக்காதீர்கள்.

வகுப்பில் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு வாயே வருவதில்லை. என்ன செய்வது?

முதலில், நிறையப் பேசுகிறவர்கள் எல்லாம் படித்துவிட்டு வந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். தத்துவ வகுப்பில் மூன்று பெயர்களை உதிர்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டுகிற ஆசாமி ஒருவர் எப்போதும் இருப்பார். ஆசிரியர்களுக்கும் அது தெரியும்.

பேச வேண்டுமானால் கேள்வியாகத் தொடங்குவது எளிது. 'இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வருகிறது என்று தெரியவில்லை' என்பது வகுப்பில் சொல்லக்கூடியவற்றிலேயே சிறந்த வாக்கியம். பாதிப் பேருக்கு அதே சந்தேகம் இருக்கும், கேட்கத்தான் தயங்குவார்கள். நீங்கள் சொன்னதை யாராவது மறுத்தால் அது உங்களை மறுப்பது அல்ல. சொல்வதற்கு எளிது, முதல் சில மாதங்கள் முகம் சூடாகத்தான் செய்யும்.

இந்த விஷயத்தில் நான் நினைத்துக்கொள்கிற ஆள் காட்லோப் ஃபிரேகே என்ற ஜெர்மன் கணிதவியலாளர். கணிதம் முழுவதையும் தர்க்கத்தின் மேல் கட்ட முடியாவிட்டாலும் எண்கணிதத்தையாவது கட்டிவிட வேண்டும் என்று பல்லாண்டுகள் உழைத்தவர். அதற்காக எழுதிய நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தபோது, 1902 ஜூனில், பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்ற இளைஞரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கணம் என்றால் இங்கே பொருள்களின் தொகுப்பு; தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணம் அமைத்தால், அது தனக்குத் தானே உறுப்பா, இல்லையா? ஆம் என்றாலும் முரண், இல்லை என்றாலும் முரண். ஃபிரேகேயின் அடிப்படை விதி ஒன்று இதற்கு இடம் கொடுத்திருந்தது. அவர் சில நாட்களிலேயே பதில் எழுதினார். அந்தத் தொகுதிக்குப் பின்னிணைப்பு ஒன்று சேர்த்து, தன் கட்டடத்தின் அடித்தளம் ஆடிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். வகுப்பில் ஒரு மறுப்பு வந்தால் நமக்கு ஆடுவது அதிகபட்சம் ஒரு பத்தி.

கட்டுரையில் எல்லாவற்றையும் எழுதினேன். மதிப்பெண் மட்டும் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் 'எல்லாவற்றையும்' எழுதியதால்தான்.

பிளேட்டோ என்ன சொன்னார், அரிஸ்டாட்டில் என்ன சொன்னார், காண்ட் என்ன சொன்னார் என்று வரிசையாகச் சுருக்கிக் கொடுத்துவிட்டு, 'இவ்வாறு பல பார்வைகள் உள்ளன' என்று முடிப்பது பள்ளியில் நல்ல விடை. இங்கே அது பாதி விடைகூட இல்லை. நீங்கள் எதை நிறுவப் போகிறீர்கள் என்று முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். அது சின்னதாக இருக்கலாம், சின்னதாக இருந்தால்தான் நல்லது. 'டெக்கார்ட்டின் கனவு வாதம் (இப்போது காண்பது கனவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்பது) அவர் நினைக்கிற அளவுக்குப் போகாது, ஏனென்றால்...' என்பது நல்ல கட்டுரை. 'மனித அறிவின் எல்லைகள்' என்பது தலைப்பு மட்டும்தான்.

அடுத்தது மறுப்பு. நல்ல மறுப்பு எப்படி இருக்கும் என்று அறிய 11-ஆம் நூற்றாண்டுக்குப் போகலாம். கடவுள் என்பதன் பொருள், அதைவிடப் பெரிதாக எதையும் நினைக்க முடியாத ஒன்று. அப்படிப்பட்ட ஒன்று மனத்தில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருக்கிற ஒன்றை அதைவிடப் பெரிதாக நினைத்துவிடலாம். ஆகவே அது நிஜத்திலும் இருந்தாக வேண்டும். இது ஆன்செல்ம் என்ற கிறித்தவ இறையியலாளரின் வாதம். கௌனிலோ என்ற துறவி இதற்கு 'நான் ஒப்பவில்லை' என்று எழுதவில்லை. அவரும் கடவுளை நம்புகிறவர்தான். இதே வாதத்தில் கடவுளுக்குப் பதிலாக, அதைவிடச் சிறந்ததை நினைக்க முடியாத ஒரு தீவை வைத்தால் அந்தத் தீவும் இருந்தாக வேண்டுமே என்று கேட்டார். வாதத்தின் எந்தக் கண்ணியில் பழுது என்று அவர் சொல்லவில்லை, ஆனால் எங்கேயோ பழுது இருக்கிறது என்று காட்டிவிட்டார். ஆன்செல்ம் அதற்குப் பதில் எழுதியதோடு, இனி தன் நூலைப் படியெடுப்பவர்கள் மறுப்பையும் பதிலையும் சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கட்டுரையின் அமைப்பு என்று கேட்டால் அவ்வளவுதான். ஒரு வாதம், அதற்கு வரக்கூடிய மிக வலுவான மறுப்பு, அந்த மறுப்புக்கு உங்கள் பதில். சொத்தையான மறுப்பை நீங்களே தயாரித்து நீங்களே வீழ்த்தினால் திருத்துகிறவருக்கு ஒரு கணத்தில் தெரிந்துவிடும். பதில் சொல்ல முடியாத மறுப்பு கிடைத்துவிட்டால்? உங்கள் முடிவைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 'இது எல்லா இடத்திலும் பொருந்தாது, இந்த இடத்தில் மட்டும் பொருந்தும்' என்று எழுதினால் மதிப்பெண் குறையாது, அனேகமாகக் கூடும்.

மொழிநடை பற்றியும் ஒரு வார்த்தை. ஆழமாகத் தெரிய வேண்டும் என்று சிக்கலாக எழுதாதீர்கள். ஒரே விஷயத்துக்கு மூன்று சொல் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். இலக்கியத்தில் அது அழகு. இங்கே மூன்று வேறு விஷயம் என்று நினைத்துத் தேடுவார்கள்.

ஏஐயிடம் எழுதி வாங்கினால் என்ன?

பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால், அது சுருக்கம் நன்றாகத் தரும், வழவழப்பாகவும் எழுதும். இல்லாத கட்டுரையை இருப்பதாக மேற்கோளும் காட்டிவிடும். ஆனால் இந்தப் படிப்பில் மாணவருக்குக் கிடைக்கிற பயிற்சியே, 'நான் இதைத்தான் சொல்ல வருகிறேனா?' என்று சொந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டுகிற அந்தச் சில மணி நேரம்தான். அதைக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பட்டச் சான்றிதழ், அதுவும் சந்தையில் பெரிய விலை போகாத பட்டம். இது தார்மீகப் புலம்பல் இல்லை, கணக்கு. நீங்களே எழுதிய வரைவைக் கொடுத்து 'இதற்கு வலுவான மறுப்பு என்ன?' என்று கேட்பது வேறு. விதி அனுமதித்தால் அதில் பலன் உண்டு.

மேற்கத்தியத் தத்துவம் மட்டும்தானா?

பல துறைகளில் அப்படித்தான், அது நியாயமில்லை என்பது என் கருத்து. நியாயம் தவறுகிறது என்பதோடு, பாடத்துக்கே நட்டம். கெட்டியர் கதையை மேலே சொன்னேன். 8-ஆம் நூற்றாண்டில் தர்மோத்தரர் என்ற பௌத்த அறிஞர் இதற்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டைக் கொடுத்திருக்கிறார். இறைச்சி வாட்ட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், இன்னும் புகை எழவில்லை. வாசனைக்குப் பூச்சிகள் மொய்க்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர் அந்த மொய்ப்பைப் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறார். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. அவருக்குத் தெரிந்ததா?

புகையை வைத்து நெருப்பை ஊகிக்கிற பாடம் தமிழிலும் இருக்கிறது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஒரு வாதத்தின் ஐந்து உறுப்புகளை அறவண அடிகள் விளக்குகிறார். முதல் மூன்றும் இப்படி வரும்: இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. ஒரு காப்பியத்தின் நடுவே போலி வாதங்களின் நீண்ட பட்டியலும் வருகிறது. பள்ளியில் மணிமேகலை படித்தபோது இந்தப் பகுதியை எனக்கு யாரும் காட்டியதில்லை.

பெண்கள் விஷயத்திலும் இதே குறைதான். உடல் வேறு, மனம் வேறு என்று சொன்ன டெக்கார்ட்டிடம், இடத்தை அடைக்காத மனம் இடத்தை அடைக்கிற உடலை எப்படி அசைக்கும் என்று 1643-இல் கடிதத்தில் கேட்டவர் பொஹீமியாவின் எலிசபெத். இன்றைக்கும் மனம் பற்றிய பாடத்தின் மையக் கேள்வி அதுதான். பல பாடத்திட்டங்களில் கேள்வி இருக்கிறது, அவர் பெயர் இல்லை. விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது இதையெல்லாம் பார்த்து எடுங்கள். கட்டுரைத் தலைப்பை நீங்களே முடிவு செய்யலாம் என்றால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் படித்தால் மனம் குழம்பாதா? விரக்தி வராதா?

சிலருக்குச் சில வாரங்கள் வரும். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது போலிருக்கிறதே என்ற கிறுகிறுப்பு, குறிப்பாக ஐயவாதம் படிக்கும் பருவத்தில். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமுக்கே வந்தது. இருபதுகளில் எழுதிய முதல் நூலில், தன் ஆராய்ச்சி தன்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்று தவித்துப்போய் எழுதுகிறார். மருந்தும் அவரே சொல்கிறார்: நண்பர்களோடு சாப்பிட்டு, சொக்கட்டான் மாதிரியான ஓர் ஆட்டம் ஆடி, பேசிச் சிரித்து மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பினால், அந்த யோசனைகள் எல்லாம் குளிர்ந்து போய், செயற்கையாகத் தெரிகின்றனவாம். திரும்பி வந்தும் அவர் எழுதுவதை விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு, எழுந்திருக்கவே மனமில்லாமல் போனால் அது ஐயவாதம் இல்லை. ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். அதற்கு இருத்தலியம் படிப்பது வைத்தியம் ஆகாது.

கடவுள் நம்பிக்கை போய்விடுமா?

போனவர்களும் உண்டு, புதிதாக வந்தவர்களும் உண்டு. கடவுளுக்காக வாதாடிய தாமஸ் அக்குவினாஸ், இராமானுஜர், உதயணர் எல்லாரும் இந்தப் பாடத்திட்டத்தில் வருகிற பெயர்கள்தான், ஐயப்பட்ட ஹியூமும் வருவார். நம்பிக்கை இருந்தால் ஏன் என்றும், இல்லையென்றால் ஏன் என்றும் கேட்பார்கள். இரண்டு பக்கமும் சங்கடம் ஒன்றுதான்.

அறவியல் படித்தவர்கள் நல்லவர்களாக இருப்பார்களா?

இருந்தால் நன்றாக இருக்கும். எரிக் ஷ்விட்ஸ்கெபெல் என்ற தத்துவப் பேராசிரியர் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நூலகங்களில் எந்தத் தத்துவ நூல்கள் அதிகம் காணாமல் போகின்றன என்று பார்த்தார். பெரும்பாலும் பேராசிரியர்களும் மேல்நிலை மாணவர்களும் மட்டுமே எடுத்துப் படிக்கிற மாதிரியான நூல்களில், மற்றத் தத்துவ நூல்களைவிட அறவியல் நூல்கள்தான் அதிகம் திரும்பி வரவில்லை. அறவியல்காரர்கள் திருடர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது, தர்க்கப் பாடம் படித்தவர் கட்டவும் மாட்டார். ஆனால் படிப்பு தானாக யாரையும் திருத்திவிடாது என்று சந்தேகப்பட இது போதும்.

படிக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டில் எல்லாரும் என்னோடு பேசவே எரிச்சல்படுகிறார்கள்.

'அப்படியென்றால் என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள்?' என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பதை நிறுத்திப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் அனேகருக்குத் தானாகவே சரியாகிவிடும்.

வேலை கிடைக்குமா?

'தத்துவவாதி தேவை' என்று விளம்பரம் வராது. படித்தவர்கள் சட்டம், ஆசிரியப் பணி, ஊடகம், அரசுப் பணி, பதிப்பு, மென்பொருள், மருத்துவ அறவியல் என்று சிதறிப் போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மேற்கொண்டு ஏதாவது படிக்கவோ பயிலவோ வேண்டியிருக்கும். பட்டம் மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் நேர்காணலில் முதல் கேள்வி 'ஏன் இதைப் படித்தீர்கள்?' என்பதுதான். பதில் தயாராக இருக்கட்டும்.

துறைகள் தங்கள் விளம்பரத்தில் ஒன்று சொல்லும்: அமெரிக்கப் பல்கலைக்கழக மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில், மொழிப் பகுதியிலும் பகுப்பாய்வு எழுத்திலும் தத்துவ மாணவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்று. உண்மைதான். ஆனால் தத்துவம் அவர்களை அப்படி ஆக்கியதா, ஏற்கெனவே அப்படி இருந்தவர்கள் தத்துவத்துக்கு வந்தார்களா என்று அந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதைத் தத்துவத் துறையே விளம்பரமாகப் போடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

என் யோசனை: குடும்பப் பொருளாதாரம் நெருக்கடியில் இருந்தால் இரட்டைப் பட்டமாக எடுங்கள். கணினி, பொருளியல், சட்டம், மொழியியல் எதோடும் ஒத்துப்போகும். அந்தத் துறைகளில் தத்துவம் தெரிந்தவர் தனியாகத் தெரிவார். பெற்றோரிடம் 'அறிவுக்காகப் படிக்கிறேன்' என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

முனைவர் பட்டம் வரை போகலாமா?

கற்பிக்கும் வேலைகள் குறைவு, போட்டியிடுகிறவர்கள் அதிகம். உதவித்தொகை இல்லாமல் போக வேண்டாம் என்பதே என் அறிவுரை. ஒரே கேள்வியோடு நான்கைந்து ஆண்டுகள் தனியாக உட்கார முடியுமா என்று முதுகலை ஆய்வேடு எழுதும்போதே தெரிந்துவிடும். முதுகலையோடு நிறுத்திக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை.

சேர்வதற்கு முன்னால் எனக்கு இது ஒத்துவருமா என்று எப்படிப் பார்ப்பது?

பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். சிறியது, ஒரே மாலையில் படித்துவிடலாம். புனிதமான ஒன்றைத் தேவர்கள் விரும்புவது அது புனிதம் என்பதாலா, இல்லை தேவர்கள் விரும்புவதால்தான் அது புனிதமா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். யூதிஃப்ரோ சொல்கிற ஒவ்வொரு பதிலும் சரிகிறது. கடைசியில் வேலை இருக்கிறது என்று அவர் கிளம்பிவிடுகிறார், விடை கிடைப்பதில்லை.

படித்து முடித்ததும் 'சரி, விடை என்ன?' என்று மட்டும் கேட்கத் தோன்றினால் வரலாறோ சட்டமோ உங்களுக்கு அதிகம் பிடிக்கலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. 'யூதிஃப்ரோ அந்த இடத்தில் வேறு மாதிரி சொல்லியிருக்கலாமே' என்று தோன்றினால், என்ன சொல்லியிருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மறுநாள் அதையே எடுத்து, சாக்ரடீஸ் அதற்கு என்ன சொல்வார் என்று இன்னொரு பக்கம் எழுதுங்கள். இரண்டாவது பக்கம் எழுதும்போது நேரம் போனது தெரியவில்லை என்றால் விண்ணப்பம் போடலாம். உறுதியாகத் தெரியவில்லை என்றால் வேறு பட்டத்தில் சேர்ந்து, தத்துவத்தில் ஒரு விருப்பப் பாடம் மட்டும் எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் முதலாண்டு முடிவில் துறை மாற விடுவார்கள். அந்த விதியைச் சேரும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.